மைக் செட்டுக்காரன் காதில் விழுந்த அரசியல்

எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் கிடையாது, ஆனால் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் பாட்டுப் போகும். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் அப்பா நடத்திய மைக் செட்டுக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, பொதுக்கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய் செட்டுக் கட்டுவோம். பழைய பாட்டு எனக்குப் பிழைப்பும் அதுதான், பித்தும் அதுதான். அரசியல் தானாக வந்து காதில் விழுந்தது. இத்தனை வருடம் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் பாட்டைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் எனக்குப் பிடிபட்ட சிலவற்றை எழுதுகிறேன், எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில் கறுப்பு ரெக்கார்டுதான். 78 சுற்று ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடும், முடிந்ததும் ஊசியை மாற்றி, தட்டைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு தேய்ந்துபோகும். அதனால் செட்டுக்காரன் எழுந்து போய் டீ குடிக்கக்கூட முடியாது, ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். இப்போது பென் டிரைவைச் செருகிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம், பாட்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. கேட்கிற பழக்கம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு சங்கதி உண்டு. 1971 தேர்தலில் தி.மு.க. கூட்டங்களுக்கு எந்த எம்.ஜி.ஆர். ரெக்கார்டுகளை எடுத்துக்கொண்டு போனாரோ, அதே ரெக்கார்டுகளை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. கூட்டங்களுக்கு எடுத்துக்கொண்டு போனார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார், அடுத்த மே மாதம் எங்கள் பக்கமே மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். பாட்டு மாறவில்லை, குரல் மாறவில்லை, தட்டில் விழுந்த கீறல்கூட அதேதான். ஆனால் முதல் நாள் வரை அந்தப் பாட்டுக்குக் கை தட்டியவர்கள் மறுநாள் "அதை நிப்பாட்டுய்யா" என்றார்கள். அப்பாவிடம் தி.மு.க. கூட்டத்துக்கு மிஞ்சியது நாகூர் ஹனிபாவின் ரெக்கார்டுகள்தான். அதுவே போதும் என்கிற அளவுக்கு அந்தக் குரல் இருந்தது என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சிகளும் மாறி மாறி உரிமை கொண்டாடிய பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் இரண்டு கட்சிக்காரரும் இல்லை. 1958-இல் வந்த நாடோடி மன்னன் படத்தின் "தூங்காதே தம்பி தூங்காதே" பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. அவர் பொதுவுடைமைக்காரர், தஞ்சாவூர்ச் சீமையில் விவசாய இயக்கத்தோடு நின்றவர். அவர் எழுதிய "திருடாதே பாப்பா திருடாதே", "சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா" இரண்டும் ஊர் ஊராக ஒலித்தது 1961-இல் படங்கள் வந்த பிறகு. அதைக் கேட்க அவர் இல்லை, 1959 அக்டோபரில் 29 வயதிலேயே போய்விட்டார். கம்யூனிஸ்ட் எழுதிய வரியைத் தி.மு.க. நட்சத்திரம் வாயசைத்து, அந்த நட்சத்திரம் தொடங்கிய அ.தி.மு.க. அதை வைத்து ஓட்டு வாங்கியது. எழுதியவர் கட்சிக்கு அதில் என்ன கிடைத்தது என்று அப்பாவிடம் கேட்டால், "மே தினத்துக்கு நம்ம செட்டு கிடைச்சுச்சுல்ல" என்பார்.

அந்தப் பாட்டுகள் ஏன் இத்தனை காலம் நின்றன என்று நான் யோசித்ததுண்டு. மெட்டு, டி.எம்.எஸ். குரல் எல்லாம் சரி. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அவற்றில் கட்சிப் பெயர் கிடையாது. வைக்க முடியாது என்பதுதான் உண்மை, வைத்தால் சென்சார் விடாது. 1966-இல் வந்த அன்பே வா படத்தில் வாலி எழுதிய "புதிய வானம் புதிய பூமி" பாட்டில் முதலில் உதயசூரியன் என்றுதான் இருந்தது, தேர்தல் சின்னம் என்று சென்சார் பிடித்துக்கொண்டதால் புதிய சூரியன் ஆனது என்பார்கள். யாரைச் சொல்கிறது என்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த கடைசிப் பெஞ்சுக்காரருக்கும் தெரியும், அவர் விசிலடித்தார். ஆனால் பாட்டுக்குள் கட்சி இல்லை. தூக்கம், திருட்டு, உழைப்பு, பசி, விளைந்த நெல் யார் வீட்டுக்குப் போகிறது என்கிற கணக்கு, இவைதான் இருந்தன. கட்சி உடைந்தது, தலைவர்கள் போனார்கள், நெல் விளைந்து விவசாயி கையில் காசு நிற்காத கதை மட்டும் அப்படியே இருப்பதால் பாட்டும் இருக்கிறது. சென்சாருக்கு நன்றி சொல்லும் பாவத்தை நான் செய்யவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கண்ணதாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் மன்னாதி மன்னனுக்கு "அச்சம் என்பது மடமையடா" எழுதும்போது அவர் தி.மு.க.வில் இருந்தார். 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியே வந்து, அப்புறம் காங்கிரஸ்காரர் ஆனார். காங்கிரஸ்காரராக இருந்துகொண்டே 1965-இல் ஆயிரத்தில் ஒருவனுக்கு "அதோ அந்தப் பறவை போல" எழுதினார், அதைத் திரையில் பாடியவர் தி.மு.க.வின் பெரிய நட்சத்திரம். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கப்போட்டவர்கள் ரெக்கார்டிங் தியேட்டரில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே கண்ணதாசன் அரசவைக் கவிஞரும் ஆனார். இன்றைக்கு ஒரு பாடலாசிரியர் இப்படி எதிர்முகாமுக்கு எழுதினால் ஒரு மணி நேரத்தில் அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்து நடுத்தெருவில் நிறுத்திவிடுவார்கள்.

பழையதெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. இன்றைக்கு நாம் சலித்துக்கொள்கிற தனிமனிதத் துதிக்கு விதை போட்டதும் அதே பாட்டுகள்தான். தம்பி, பாப்பா, சின்னப்பயலே என்று கேட்கிறவனைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த பாட்டு, 1965-இல் எங்க வீட்டுப் பிள்ளையில் "நான் ஆணையிட்டால்" என்று வந்தபோது பாடுகிறவனைப் பற்றியதாக மாறிவிட்டது. அருமையான பாட்டு, இன்றைக்கும் அதைப் போட்டால் பந்தலில் ஒரு கிழவராவது நிமிர்ந்து உட்காருவார். ஆனால் கேட்கிறவன் செய்ய வேண்டிய வேலையைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்கிற நினைப்பு அங்கேதான் உள்ளே வந்தது. படிப்பதும், எழுந்து வேலை பார்ப்பதும், திருடாமல் இருப்பதும் என் பொறுப்பு என்று பட்டுக்கோட்டையார் சொன்னார். தலைவர் ஆணையிட்டால் நடந்துவிடும் என்றால் எனக்கு என்ன வேலை, கை தட்டுவதுதானே?

அந்த நினைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். 1984-இல் எம்.ஜி.ஆர். உடம்புக்கு முடியாமல் அப்போலோவிலும் பிறகு அமெரிக்காவிலும் இருந்தபோது, ஒளி விளக்கு படத்தில் பி. சுசீலா பாடிய "ஆண்டவனே உன் பாதங்களை" என்ற பாட்டைத் தியேட்டர்களில் போட்டார்கள். எங்கள் கடையிலும் அந்தப் பாட்டைக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் கொழாய் ஸ்பீக்கர் கட்டி, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டோம், பெண்கள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்கள். அந்த டிசம்பரில் அவர் ஊருக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அந்த அழுகையில் நடிப்பு இல்லை, அதை யாராவது கேலி செய்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் அழுதவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஊர்த் தலைவர் யார், ரேஷன் அரிசி ஏன் அளவு குறைகிறது என்று கேட்கத் தோன்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1989 தேர்தல் வந்தபோது இன்னொரு கூத்து. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகிவிட்டது, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே கேசட். ஒரே நாளில் ஊரின் இரண்டு முனையிலும் கூட்டம், இரண்டு பக்கத்துக்கும் எங்கள் செட்டு. "எங்களுக்கு நான் ஆணையிட்டால், அவங்களுக்குப் போடக்கூடாது" என்று ஒருவர் வந்து நின்றார், அரை மணி நேரத்தில் மறுபக்கத்திலிருந்து அதே கோரிக்கை. அப்பா நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டே, "யாரு முதல்ல அட்வான்ஸ் குடுத்தாங்களோ அவங்களுக்கு ஆணை, அடுத்தவங்களுக்கு அச்சம்" என்று தீர்ப்பு சொன்னார். இரண்டாவதாக வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு அதுவும் நல்ல பாட்டுத்தான் என்று போய்விட்டார். அந்தத் தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது.

இப்போது கட்சிக்காரர்கள் எங்களிடம் பாட்டே கேட்பதில்லை, அவர்களே பென் டிரைவ் கொண்டு வருகிறார்கள். அதில் இருக்கும் பாட்டு பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: பறை அடி, அதன் மேல் சிந்தசைசர், வரிக்கு வரி தலைவர் பெயர், சிங்கம், புலி, வருகிறார், வந்துவிட்டார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாட்டிலிருந்து தலைவர் பெயரை எடுத்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அந்த இடத்தில் வேறொரு கட்சித் தலைவர் பெயரைப் போட்டாலும் பாட்டு அப்படியே பொருந்தினால் அதில் சரக்கு இல்லை என்று அர்த்தம். ஒரு கட்சிக்கு இப்படி என்று நினைக்காதீர்கள், பழைய கட்சி, புதுக் கட்சி, டெல்லிக் கட்சி எல்லாப் பென் டிரைவும் என் பெட்டியில் கிடக்கிறது, எல்லாம் ஒரே லட்சணம்தான்.

பாட்டுக்குச் செய்த இந்தச் சோதனையைப் பேச்சுக்கும் செய்து பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது, அதில் பெயரை எடுத்தாலும் அரிசி நிற்கிறது, கொடுத்தார்களா இல்லையா என்று மறுவருடம் கேட்கலாம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்றார், பெயரை எடுத்தாலும் தட்டில் சோறு இருக்கிறது. இப்போது மேடையில் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார், நான் ஃபேடரில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன், தலைவரின் பெயரையும் எதிரியின் பெயரையும் கழித்துவிட்டால் மைக் டெஸ்டிங் மட்டும்தான் மிஞ்சுகிறது. வீட்டில் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடு என்று சொல்வதில்லை, ரீல்ஸில் ஒரு பேச்சு பிடித்திருந்தால் பெயரைக் கழித்துவிட்டு இன்னொரு தடவை கேள் என்கிறேன்.

இந்தச் சோதனைக்கு அடங்காதவர் நாகூர் ஹனிபா. "ஓடி வருகிறான் உதயசூரியன்", "அழைக்கின்றார் அண்ணா" என்று முழுக்க முழுக்கக் கட்சிப் பாட்டுதான் பாடினார், பெயரை எடுத்தால் பாட்டே இல்லை. இருந்தாலும் அ.தி.மு.க.காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட ஓரமாக வந்து "அந்த ஹனிபா பாட்டு இருந்தா மெதுவா வை" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவருடைய "இறைவனிடம் கையேந்துங்கள்" இல்லாமல் எங்கள் பக்கம் பல அம்மன் கோயில் திருவிழாவில் காலைப் பாட்டு முடியாது. அந்தத் தொண்டைக்கு முன்னால் என் கணக்கு எல்லாம் செல்லாது, அவ்வளவுதான்.

குரல் என்றதும் இன்னொன்று. மறைந்த முதல்வர்கள் இரண்டு பேரின் குரலையும் 2024-இல் செயற்கை நுண்ணறிவில் செய்து கொண்டுவந்தார்கள், கருணாநிதியை வீடியோவாக, ஜெயலலிதாவைக் குரல் பதிவாக. நான் கேட்டேன். இரண்டு பேர் பேச்சும் நேரில் இந்தக் காதால் மேடையோரத்தில் கேட்டவன் என்பதால் சொல்கிறேன், சாயல் இருக்கிறது, மூச்சு இல்லை. கருணாநிதி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும், அது எப்போது அடங்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்து அடுத்த வார்த்தையை விடுவார். அந்தக் காத்திருப்பு எதிரில் ஆள் இருந்தால்தான் வரும். அது போகட்டும், செத்தவர் இந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்வாரா மாட்டாரா என்று யார் முடிவு செய்வது? அவர் வாழ்ந்தபோது பேசிய பேச்சு இருக்கிறது, வேண்டுமானால் அதைப் போடுங்கள். இனி வாட்ஸ்அப்பில் ஒரு தலைவர் குரல் வந்தால் தேதி, இடம், வீடியோ மூன்றும் இல்லாமல் நான் நம்புவதில்லை, அடுத்தவருக்கு அனுப்புவதும் இல்லை.

பழைய பாட்டோடு ஒட்டி வரும் அரசியல் கதைகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்னார் இன்னாரைத் திட்டி எழுதினார், இந்த வரி அந்தத் தலைவருக்குச் சாட்டையடி என்று குடும்ப குரூப்பில் தினமும் ஒன்று வருகிறது. பட்டணத்தில் பூதம் படத்துச் "சிவகாமி மகனிடம்" பாட்டில் கண்ணதாசன் காமராஜருக்குத் தூதுவிட்டார் என்பது மாதிரிச் சில கதைகள் கேட்க நன்றாக இருக்கும், காமராஜரின் அம்மா பெயரும் சிவகாமி என்பதால் பொருந்துகிறது, அந்த அளவில் ரசிக்கலாம். மற்றபடி படம் வந்த வருடத்தைப் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே விழுந்துவிடும். கட்சி தொடங்கியது 1972, பாட்டு வந்தது 1960 என்றால் அந்தக் கட்சிக்காக எழுதிய பாட்டு என்று எப்படிச் சொல்வது?

தொழில் தெரிந்தவன் என்பதால் பாட்டுப் போடுகிறவர்களுக்கும் சில சொல்கிறேன். பழைய பாட்டை பாஸ் ஏற்றிப் புதுசாக மெருகேற்றிய பதிப்பில் போடாதீர்கள், குறிப்பாக இன்னும் கொழாய் கட்டுகிற இடங்களில். கொழாயில் பாஸ் ஒலி வராது, வராத ஒலியைத் தள்ளினால் உள்ளே அதிர்கிற டயாஃப்ரம் போய்விடும். மோனோவில் பதிவான அசல் பாட்டில் குரல்தான் முன்னால் நிற்கும், மிக்சரில் பாஸைக் குறைத்து நடு ஒலியை மட்டும் விட்டால் நாலு வயல் தள்ளி நாற்று நடுகிறவருக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். யூடியூபில் இறக்கிய பாட்டு சிலது சுருதி ஏறியிருக்கும், காப்புரிமையில் மாட்டாமல் இருக்க வேகத்தைக் கூட்டி ஏற்றியிருப்பார்கள், டி.எம்.எஸ். குரல் சின்னப்பையன் குரல் மாதிரி இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். கல்யாணத்தில் இரண்டு சம்பந்தி வீடும் வேறு வேறு கட்சி என்றால் "மணமகளே மருமகளே வா வா"வில் தொடங்கிக் கல்யாணப் பாட்டிலேயே ஓட்டிவிடுங்கள், தத்துவப் பாட்டுப் பக்கம் போனால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எழுந்து கை காட்ட, பெண்ணின் தாய்மாமன் ஒருவர் மைக்கைக் கேட்பார்.

பொதுக்கூட்டம் என்றால் காவல் நிலைய அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இல்லாமல் வயர் இழுக்காதீர்கள், கேஸ் வந்தால் முதலில் தூக்குவது ஆம்ப்ளிஃபயரைத்தான், ராத்திரி 10 மணிக்கு மேல் தலைவர் வந்து நின்றாலும் ஸ்பீக்கர் பேசக்கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று, தலைவர் வரத் தாமதமானால் கூட்டத்தைப் பிடித்து வைக்கப் பாட்டை ஏற்றச் சொல்வார்கள். வெயிலில் மணிக்கணக்கில் நிற்கிற ஜனத்துக்கு முன்னால் சத்தத்தை ஏற்றினால் யாராவது மயங்கி விழுந்தால்கூடக் கூப்பிடுவது கேட்காது. 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் ஒரு கட்சிக் கூட்ட நெரிசலில் சிக்கி 41 பேர் செத்துப்போனார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அதன் பிறகு நான் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும் பேட்டரியில் ஓடும் தனி மைக் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கிறேன், பாட்டுக்கு நடுநடுவே நிறுத்தி, தண்ணீர் எங்கே இருக்கிறது, வெளியே போக வழி எந்தப் பக்கம் என்று நானே சொல்லிவிடுகிறேன். நிர்வாகிகள் முறைப்பார்கள். வயரைக் கூட்டம் நடக்கும் வழியில் தரையோடு விடாமல் தலைக்கு மேலே தூக்கிக் கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அரசியல் பாட்டெல்லாம் உங்க கறுப்பு வெள்ளையோட போச்சு, ராஜா வந்தப்புறம் எங்க இருக்கு?" என்பார். அவருக்கு எண்பதுகளின் காதல் பாட்டுகள் போதும். நான் ஒத்துக்கொள்வதில்லை. சிவப்பு மல்லியில் "எரிமலை எப்படிப் பொறுக்கும்" வந்தது 1981-இல், இளையராஜா இசையிலேயே "மனிதா மனிதா" வந்தது 1983-இல், இரண்டும் வைரமுத்து எழுதியவை, இரண்டிலும் எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. அதனால்தான் எல்லாக் கட்சிப் பென் டிரைவும் தேர்தல் முடிந்து குப்பைக்குப் போன பிறகும் அந்த இரண்டையும் கேட்டு இன்னும் ஆள் வருகிறார்கள். இந்த மே தினத்துக்கும் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இரண்டு பெட்டி, ஒரு மைக் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வயர் சுற்ற ஆள் வேண்டும், மச்சானையே வரச் சொல்லியிருக்கிறேன்.